பழைய லீஃப், புதிய மின்சாரக் கார்: பேட்டரியைப் பார்த்து வாங்குவது எப்படி?

மின்சாரக் கார் வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, "பேட்டரி எத்தனை வருஷம் வரும்?" என்பதுதான். விற்பவர் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் கணக்கைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். ஆனால் பேட்டரி தேய்வதில் ஓடிய தூரத்துக்கு மூன்றாவது இடம்தான். முதல் இடம் வெப்பத்துக்கு, இரண்டாவது இடம் நிறைந்த சார்ஜோடு வண்டி சும்மா நிற்கும் நேரத்துக்கு. வாங்குபவர் விசாரிக்க வேண்டிய வரிசையும் இதுவே.

இதற்கு நிசான் லீஃபை விடத் தெளிவான சாட்சி கிடைக்காது. 2010 டிசம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த மின்சாரக் கார் அது. பனி கொட்டும் நார்வேயிலும் பாலைவன வெயில் அடிக்கும் அரிசோனாவிலும் ஒரே வகைப் பேட்டரியோடு ஓடியது. ஜப்பானில் ஓடி முடித்த லீஃப்கள் 2014, 2015 வாக்கில் ஆயிரக்கணக்கில் இலங்கைக்கு வந்து இறங்கின. கார் ஒன்று, பேட்டரியும் ஒன்று, ஊர் மட்டும்தான் வேறு. ஒவ்வொரு ஊரிலும் அது எப்படித் தேய்ந்தது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

முதல் தலைமுறை லீஃபின் பேட்டரி 24 கிலோவாட் மணி. மின்கட்டண ரசீதில் வரும் ஒரு யூனிட் என்பதும் ஒரு கிலோவாட் மணி என்பதும் ஒன்றேதான். ஆகவே 24 யூனிட் என்றே வைத்துக்கொள்ளலாம். அதில் ஓட்டுவதற்குக் கிடைப்பது, கார் புதிதாக இருக்கும்போது 21 யூனிட்டுக்குச் சற்று மேல். தரைக்கு அடியில் ஏறத்தாழ 300 கிலோ எடையில் மூடிய இரும்புப் பெட்டி. அதற்குள் 48 மாட்யூல்கள், அதாவது செல்களை அடைத்த சிறு பெட்டிகள். ஒவ்வொரு மாட்யூலிலும் 4 செல்கள். மொத்தம் 192 செல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, அந்த 96 ஜோடிகளையும் வரிசையாகக் கோத்திருப்பார்கள். அந்தப் பெட்டிக்குள் குளிர்விக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. திரவமும் இல்லை, காற்று ஊதும் விசிறியும் இல்லை. முன் பானெட்டைத் திறந்தால் கூலன்ட் தொட்டி ஒன்று தெரியும். அதைக் காட்டி "பேட்டரிக்கு வாட்டர் கூலிங் இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தக் கூலன்ட் மோட்டாருக்கும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்கும், சார்ஜருக்கும் போய் வருவது, பேட்டரியை அது தொடுவதே இல்லை.

இதன் விளைவு 2012 கோடையில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் வெளியே தெரிந்தது. லீஃபின் டாஷ்போர்டில் பேட்டரியின் கொள்ளளவைக் காட்ட 12 கட்டங்கள் உண்டு. முதல் கட்டம் மறைந்தால் சுமார் 15 சதவீதம் போய்விட்டது என்று பொருள். அதன்பின் ஒவ்வொரு கட்டமும் 6 சதவீதத்துக்குச் சற்று மேல். ஃபீனிக்ஸ் கார்களில் இரண்டு வருடத்துக்குள்ளேயே கட்டங்கள் உதிரத் தொடங்கின. நிசான் ஏழு கார்களைத் தன் சோதனைத் தளத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தது. அதைத் தொடர்ந்து, 5 வருடம் அல்லது 60,000 மைலுக்குள் 9 கட்டங்களுக்குக் கீழே போனால் சரிசெய்து தருவதாகக் கொள்ளளவு உத்தரவாதம் அறிவித்தது. 2014-ல் அமெரிக்காவில் மாற்றுப் பேட்டரிக்கு 5,499 டாலர் என்று விலை வைத்தது. 2015 மாடலில் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும்படி செல்லின் வேதிக்கலவையே மாறியது. குளிர்ப் பிரதேசத்தில் ஓடிய அதே வயதுக் கார்கள் அந்த நேரத்தில் பெரும்பாலும் 12 கட்டங்களோடு இருந்தன.

வெப்பம் உள்ளே என்ன செய்கிறது

லித்தியம் செல்லின் எதிர்முனையில், அதாவது கிராஃபைட் பரப்பில், முதல் சார்ஜின்போதே ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. அந்தப் படலம் தேவையானதுதான். அது இல்லாவிட்டால் செல்லே வேலை செய்யாது. ஆனால் அது நிற்காமல் தடித்துக்கொண்டே போகிறது. தடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் லித்தியத்தை விழுங்கிக்கொள்கிறது. அப்படிப் போன லித்தியம் திரும்பி வராது. முதல் ஓரிரு வருடத்தில் இழப்பு வேகமாகவும், பிறகு மெதுவாகவும் தெரிவதற்குக் காரணம், தடித்த படலமே மேற்கொண்டு நடக்கும் வினையைத் தடுப்பதுதான். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. செல் நிறைந்திருக்கும்போது அதன் வோல்டேஜ் உச்சத்தில் இருப்பதால் வினை இன்னும் தூண்டப்படுகிறது. பழைய லீஃபின் நேர்முனையில் மாங்கனீசு இருக்கிறது. சூட்டில் அது கரைந்து எதிர்முனையில் போய்ப் படிவது இன்னொரு சேதம்.

ஓடாமல் நிற்கும் காரும் இப்படித்தான் தேய்கிறது. "கொஞ்சம்தான் ஓடியிருக்கு, வீட்லயே நின்ன வண்டி" என்பது பெட்ரோல் காருக்கு நல்ல சான்றிதழ். மின்சாரக் காரில் அடுத்த கேள்வியைக் கேட்டாக வேண்டும்: எத்தனை சதவீதச் சார்ஜில் நின்றது, எங்கே நின்றது? திறந்தவெளியில், சூடேறிய தார்த்தரைக்கு மேலே, தினமும் 100 சதவீதத்தில் நின்ற 30,000 கிலோமீட்டர் காரைவிட, நிழலில் 40, 60 சதவீதத்தில் நின்று 80,000 கிலோமீட்டர் ஓடிய கார் நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 300 கிலோ எடையுள்ள பொருள் சூடேறவும் நேரமாகும், ஆறவும் நேரமாகும். மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும்போது பேட்டரி பகல் முழுக்க வாங்கிய சூட்டோடு இருக்கிறது. அப்போதே பிளக்கைச் செருகினால் சார்ஜ் ஏறும் சூடும் அதோடு சேரும். பதினொரு மணிக்கெல்லாம் நிறைந்து, விடியும்வரை உச்ச வோல்டேஜில் நிற்கும். டைமரை நடுராத்திரிக்கு மேல் வைத்து, கிளம்புவதற்குச் சற்று முன்னால் முடியும்படி செய்தால் இரண்டு கெடுதலும் ஒரே அடியில் குறைகின்றன. லீஃபிலும் இந்த டைமர் உண்டு, இன்றைய கார்கள் பலவற்றிலும் உண்டு. பைசா செலவில்லாத இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்து வண்டியைக் கையில் தரும் ஷோரூம்கள் குறைவு என்பது வருத்தமான விஷயம்.

கைமாறிய லீஃபைச் சோதிப்பது

முதலில் எந்தத் தலைமுறை என்று தெரிந்துகொள்ள டிக்கியைத் திறந்து பார்த்தாலே போதும். பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு இருந்தால் அது 2012 நவம்பருக்கு முந்திய வகை. சார்ஜர் அந்த மேட்டுக்குள் இருக்கிறது. மேடு இல்லாமல் ஆழமாக இருந்தால் பிந்திய வகை. சார்ஜர் முன் பானெட்டுக்குக் கீழே போய்விட்டது. ஜப்பானில் முந்தியதற்கு 200 கிலோமீட்டர், பிந்தியதற்கு 228 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்தார்கள். அமெரிக்க அரசின் கணக்கில் 2015 மாடலுக்கே 84 மைல்தான், அதாவது சுமார் 135 கிலோமீட்டர். நம்ப வேண்டியது இரண்டாவது எண்ணை.

டாஷ்போர்டின் கட்டங்களை மட்டும் பார்த்து விலை பேசக்கூடாது. பேட்டரியின் கண்ட்ரோலரில் பதிவான கணக்கை அழித்து மறுபடி தொடங்கவைக்கும் வித்தை ஒன்று சந்தையில் நடக்கிறது. அழித்தவுடன் 12 கட்டமும் எரியும். சில வாரம் ஓட்டியதும் கண்ட்ரோலர் உண்மையை மறுபடி கற்றுக்கொண்டு, கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, மெக்கானிக் கார் கணினியைப் படிக்கப் பயன்படுத்தும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் டாங்கிளைச் செருகி, லீஃப் ஸ்பை என்ற செயலியில் பார்ப்பது அடுத்த படி. எஸ்ஓஎச் என்ற எண் மீதமுள்ள ஆரோக்கியத்தைச் சதவீதத்தில் சொல்கிறது. பேட்டரி எவ்வளவு பிடிக்கும் என்று காட்டும் ஆம்பியர் மணி எண், புதிய 24 யூனிட் பேட்டரியில் 65-ஐ ஒட்டி இருக்கும். இந்த இரண்டையும்கூட அழித்து ஏமாற்றலாம். ஏமாற்ற முடியாதது 96 செல் ஜோடிகளின் வோல்டேஜைக் காட்டும் படம். அதைக் காரை நிறுத்திவைத்துப் பார்த்தால் பாதிதான் தெரியும். சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தபின், ஒரு மேட்டில் ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்தி ஏறும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்லாக் கோடுகளும் சேர்ந்து இறங்கினால் பேட்டரி ஒரே சீராக வயதாகியிருக்கிறது. ஒன்றிரண்டு கோடுகள் மட்டும் மற்றவற்றைவிட 100 மில்லிவோல்ட்டுக்கு மேல் கீழே விழுந்தால் அந்த மாட்யூல் பலவீனம். எல்லாம் வரிசையாகக் கோத்திருப்பதால், அந்த ஒரு ஜோடி காலியான அந்த நொடியில் மற்ற 95-ல் மிச்சமிருந்தும் பயனில்லை. கார் ஆமை வேகத்துக்குப் போய்விடும்.

கடைசிச் சோதனைக்கு மின்மீட்டர்தான் வேண்டும். வீட்டுக்கு அருகிலேயே சுற்றி, தூரம் காட்டும் இடத்தில் எண் மறைந்து "---" என்று கோடு விழும்வரை ஓட்டுங்கள். பிறகு சுவரில் யூனிட் மீட்டர் வைத்து முழுச் சார்ஜ் போடுங்கள். புதிய 24 யூனிட் பேட்டரியாக இருந்தால் சுவரிலிருந்து சுமார் 22 யூனிட் இழுக்கும் (கோடு விழும்போதும் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்); அதில் 12, 13 சதவீதம் சார்ஜரில் சூடாகப் போவது. 14 அல்லது 15 யூனிட்டிலேயே நிறைந்துவிட்டால், டாஷ்போர்டு என்ன காட்டினாலும் மூன்றில் இரண்டு பங்குதான் மீதம். பயன்படுத்தக் கிடைப்பது 14 யூனிட் என்றால், நகரத்தில் ஏசியோடு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் வைத்தாலும் 90 கிலோமீட்டர். அடியில் 15 சதவீதம் விட்டுவைத்தால் 75-க்கு மேல் நம்ப முடியாது. தினமும் 40 கிலோமீட்டர் போய்வருகிறவருக்கு இது நல்ல கார்தான். விலையும் அந்த 75-க்கு ஏற்றபடி இருக்க வேண்டும், அவ்வளவே.

மாட்யூல் மாற்றுவது சாத்தியம், செலவும் தாங்கும். ஆனால் வரிசை தப்பக்கூடாது. 12 வோல்ட் இணைப்பைக் கழற்றிவிட்டு, பின்சீட்டுக் காலடியில் நடுவில் மூடிக்குக் கீழே இருக்கும் ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கை உருவ வேண்டும். அதன்பின் குறைந்தது 10 நிமிடம் காத்திருந்தால்தான் இன்வெர்ட்டரில் தேங்கிய மின்சாரம் வடியும். பிளக்கை உருவினாலும் பெட்டிக்குள்ளே பாதிப் பாதியாக உயர் வோல்டேஜ் உயிரோடுதான் இருக்கிறது. 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை இல்லாமல் மூடியைத் திறப்பவர் உயிரோடு விளையாடுகிறார். புதிதாகப் போடும் மாட்யூல், பழையவற்றின் கொள்ளளவுக்கு நெருக்கமாகவும், அதே வோல்டேஜுக்குச் சார்ஜ் ஆனதாகவும் இருக்க வேண்டும். 65 சதவீதக் கூட்டத்தில் 95 சதவீத மாட்யூலைச் சேர்ப்பதில் லாபமில்லை. செம்புப் பட்டைகளை டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். தளர்ந்த இணைப்பு சூடேறி உருகும். பேட்டரியை மொத்தமாக மாற்றினால், புதிய கண்ட்ரோலரைக் காரின் கம்ப்யூட்டரோடு இணைத்துத் தரக்கூடிய ஆளை முன்கூட்டியே பிடித்துவைப்பது நல்லது. இணைக்காவிட்டால் கார் சரியாக ஓடாது.

ஜப்பான் லீஃபின் வேகச் சார்ஜ் வாய் சாடெமோ வகை. இந்தியாவில் புதிதாக வரும் வேகச் சார்ஜர்கள் சிசிஎஸ்2 வகை. அவை இதில் பொருந்தாது. நீங்கள் போகும் பாதையில் சாடெமோ எங்கே இருக்கிறது என்பதை வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.

இன்றைய கார்களில் மாறியது என்ன

2018 வாக்கில் வந்த 40 யூனிட் லீஃபிலும் குளிர்விப்பு இல்லை. நெடுஞ்சாலையில் முதல் வேகச் சார்ஜ் 45 கிலோவாட் அளவில் ஏறும். சூடேறிய பேட்டரியோடு அடுத்த இடத்தில் நின்றால் அதில் பாதிதான் ஏறும். மற்ற நிறுவனங்கள் இதற்குள் செல்களுக்கு அடியில் திரவம் ஓடும் தட்டுகளை வைத்துவிட்டன. 2020 ஜனவரியில் வந்த டாட்டா நெக்ஸான் மின்சாரக் கார் 30.2 யூனிட் பேட்டரியைத் திரவக் குளிர்விப்போடு தந்தது. 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம். செல்லின் வேதியும் வேறு: லித்தியம் இரும்பு பாஸ்பேட், சுருக்கமாக எல்எஃப்பி. நிக்கல் கலந்த செல்லைவிட எடைக்குக் குறைவாகவே மின்சாரம் பிடிக்கும். ஆனால் வெப்பத்தை நன்றாகத் தாங்கும், அதிகச் சார்ஜ் சுற்றுகள் வரும், எளிதில் தீப்பிடிக்காது. நம் வெயிலுக்குத் தூரம் கொஞ்சம் குறைந்தாலும் இதையே எடுக்கச் சொல்வோம்.

எல்எஃப்பியை வைத்திருப்பவருக்கு ஒரு கடமை உண்டு. இந்தச் செல்லின் வோல்டேஜ் 20 சதவீதத்திலும் 80 சதவீதத்திலும் ஏறத்தாழ 3.2, 3.3 வோல்ட்டிலேயே நிற்கும். வோல்டேஜை வைத்து எவ்வளவு மீதம் என்று சொல்ல முடியாததால், கண்ட்ரோலர் உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்தே சதவீதம் காட்டுகிறது. சிறு பிழைகள் நாளடைவில் சேர்கின்றன. எப்போதும் 80-ல் நிறுத்தினால், ஒருநாள் 14 சதவீதம் காட்டிய கார் திடீரென்று 3-க்குத் தாவும். வாரம் ஒருமுறை வீட்டு ஏசி சார்ஜரில் மெதுவாக 100 வரை ஏற்றி, நிறைந்த பிறகும் சிறிது நேரம் இணைப்பிலேயே விட்டால் கணக்கு சரியாகும். செல்களும் ஒன்றுக்கொன்று சமமாகும். நிக்கல் வகைக்கு இதற்கு நேர்மாறு: தினசரி 80, நீண்ட பயணத்துக்கு முன்னிரவு மட்டும் 100. உங்கள் கார் எந்த வகை என்று கையேட்டைப் பார்த்து உறுதிசெய்யாமல் இணையத்தில் படித்த "80 விதி"யைப் பின்பற்ற வேண்டாம்.

தேய்வது வேறு, பழுதாவது வேறு. செவ்ரோலெட் போல்ட் கார்களில் 2021-ல் ஏறத்தாழ 1,40,000 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டது தயாரிப்புக் குறையால்: செல்லுக்குள் எதிர்முனைத் தகடு கிழிந்து, பிரிப்புத் தாள் மடிந்து, இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்தபோது தீ. எவ்வளவு பொறுப்பாகச் சார்ஜ் போட்டாலும் உரிமையாளரால் அதைத் தடுத்திருக்க முடியாது. அதனால் வண்டி எண்ணைக் கொடுத்து, நிலுவையில் ரீகால் உண்டா என்று சர்வீஸ் சென்டரில் கேட்பதும் பேட்டரிச் சோதனையில் சேர்ந்ததே. உத்தரவாத அட்டையில் "8 வருடம்" என்பதற்கு அருகில் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்று எழுதியிருக்கிறதா, இரண்டாவது உரிமையாளருக்கும் அது செல்லுமா என்று படித்துப் பாருங்கள். சதவீதம் எழுதப்படாத உத்தரவாதம், பேட்டரி முற்றாகச் செயலிழந்தால் மட்டுமே கைகொடுக்கும்.

சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட்

கார் வாங்கிய முதல் மாதத்தில் வரும் புகார்களில் பல காரைச் சேர்ந்தவை அல்ல, வீட்டு வயரிங்கைச் சேர்ந்தவை. 3.3 கிலோவாட் சார்ஜர் 230 வோல்ட்டில் 14 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதுவும் ஏழெட்டு மணிநேரம் ஓயாமல். அதே 15 ஆம்பியர் பாயிண்டில் கீசர் கால் மணிநேரம் ஓடியபோது தெரியாத குறையெல்லாம் இப்போது வெளியே வரும். சாக்கெட்டின் பித்தளை நாக்குகள் தளர்ந்திருந்தால் அங்கே சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பாகி, பிறகு உருகும். முதல் நாள் ஒரு மணிநேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு, தொழிற்சாலைகளில் போடும் வட்டமான நீலநிற 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாறுங்கள். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், சுமை மீறினால் தானே அணையும் 20 ஆம்பியர் எம்சிபி, மின்கசிவு வந்தால் அணையும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. இதில் எதையும் குறைக்க வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. 7.2 கிலோவாட் சார்ஜருக்கு 32 ஆம்பியர் வேண்டும்; 6 சதுர மில்லிமீட்டர் வயர், தூரம் அதிகமானால் 10. வீட்டு இணைப்பின் அனுமதிச் சுமையையும் மின்வாரியத்தில் கூட்ட வேண்டிவரும்.

சார்ஜ் ஏறாமல் சிவப்பு விளக்கு எரிந்தால் முதல் சந்தேகம் எர்த் மேல். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 5-ஐத் தாண்டினால் எர்த் குழி காய்ந்திருக்கலாம், கம்பி அரித்திருக்கலாம், அல்லது நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கலாம். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது பழைய பழக்கம். மின்சாரக் காருக்கு அது கட்டாயம். சார்ஜரை ஏமாற்ற நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள்ளேயே இணைத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். நியூட்ரல் ஒருநாள் அறுந்தால் காரின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறும். அப்படிச் செய்ய முன்வரும் ஆளை அன்றோடு அனுப்பிவிடுங்கள்.

நடுரோட்டில் மின்சாரக் காரை நிறுத்துவது பெரும்பாலும் பெரிய பேட்டரியே அல்ல. பழைய கார்களில் இருப்பது போன்ற 12 வோல்ட் பேட்டரிதான். பெரிய பேட்டரியைக் காரோடு சேர்க்கும் ரிலேக்களை மூடுவது அதன் வேலை. அது இறங்கிவிட்டால் கீழே 300 கிலோ பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் எழுந்திருக்காது. அல்லது சம்பந்தமில்லாத பத்து எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரியும். ஹூண்டாய் அயோனிக் 5, கியா ஈவி6 கார்களில் இந்த 12 வோல்ட்டுக்குச் சார்ஜ் கொடுக்கும் கருவி பழுதாகி 2024-ல் ரீகால் வந்ததும் இதே இடத்தில்தான். ராத்திரி முழுக்க நின்ற காரைத் திறப்பதற்கு முன் அளந்தால் 12.4 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. வெப்ப ஊர்களில் மூன்று வருடம் முடிந்ததும், நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும், அதை மாற்றிவிடுங்கள்.